ஏழரை ரவுண்டு: பி.யூ. சித்ராவும் அஷ்காபாத் டிராக்கும்

வழக்கம்போல சாரத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்துதான் பேசுறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கங்க, எடிட்ல முழுசாப் போகாது.

போன எபிசோடுல ஓட்டப்பந்தயம் பத்தி ரெண்டு வரி பேசினேன் இல்லையா? அதுக்கு ஒருத்தர் மெசேஜ் போட்டிருந்தார்: “இன்டோர்ல 1500 மீட்டர் எப்படிங்க ஓடுவாங்க? ட்ரெட்மில்லா?” முதல்ல சிரிச்சேன். அப்புறம், நியாயமான கேள்விதானேன்னு தோணுச்சு. நாம பார்த்து வளர்ந்தது உப்பளம் ஸ்டேடியம் மாதிரி திறந்தவெளி டிராக். கூரைக்குக் கீழ டிராக் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

வெளி டிராக் ஒரு ரவுண்டு 400 மீட்டர். இன்டோர் டிராக் 200. அப்போ 1500 மீட்டருக்கு ஏழரை ரவுண்டு. (ஏழரைன்னதும் சனி ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.) வெளியில மொத்தம் 7 வளைவு, உள்ளே 15. ஒரு லேன் தள்ளி வெளிப்பக்கமா ஓடினா, ஒவ்வொரு வளைவுலயும் சுமார் மூணு மீட்டர் கூடுதலா ஓடணும். வளைவு சின்னதோ பெருசோ, கணக்கு மாறாது. பை இன்டு ஒரு மீட்டர், அவ்வளவுதான். வெளி டிராக்ல ரேஸ் முழுக்க அப்படி ஓடினா 22 மீட்டர் நஷ்டம். இன்டோர்ல 47 மீட்டர்! வேகம் மட்டும் பத்தாது, யார் பின்னாடி எப்போ ஒட்டி ஓடணும், எப்போ தாண்டணும்ங்கற புத்தியும் வேணும்.

இப்போ 2017-க்கு வாங்க. பாலக்காடு பக்கத்துல முண்டூர். நம்ம கோயம்புத்தூர்ல இருந்து பஸ்ல போற தூரம்தான். விவசாயக் கூலி வேலை பார்க்கற குடும்பத்துப் பொண்ணு பி.யூ. சித்ரா. அந்த ஜூலையில புவனேஸ்வர்ல நடந்த ஆசிய தடகளப் போட்டியில 1500 மீட்டர் தங்கம். டைம் 4 நிமிஷம் 17.92 செகண்ட். ஆசிய சாம்பியன் ஆனவங்க உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றவங்களாகவே கணக்கு. அடுத்த மாசம் லண்டன்ல உலக சாம்பியன்ஷிப்.

லிஸ்ட் வந்துச்சு, சித்ரா பேர் இல்ல.

தடகளக் கூட்டமைப்பு சொன்ன காரணம்: தகுதி நேரம் 4:07.50, இவங்க அதுக்குப் பக்கத்துலயே இல்ல. கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. சேர்க்கச் சொல்லி உத்தரவும் வந்துச்சு. ஆனா பேர் கொடுக்கற கடைசி தேதி தாண்டிட்டதால சர்வதேச அமைப்பு மறுத்துடுச்சு. லண்டன் போச்சு.

நான் கட்-ஆஃபுக்கு எதிரி இல்லைங்க. கேம்பஸ் இன்டர்வியூல எனக்குச் சிபாரிசு பண்ண ஆள் கிடையாது, ஒரு நம்பர்தான் என்னை உள்ள விட்டுச்சு. நம்பர் இல்லாத இடத்துல மாமா, சித்தப்பா தெரிஞ்சவனுக்குத்தான் சீட். ஆனா இங்க சித்ரா தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டிட்டாங்க. சாம்பியன் ஆகணும், ஆனாங்க. தாண்டி முடிச்சதுக்கு அப்புறம் இன்னொரு கோட்டைக் காட்டுறாங்க. விதிப்படி அனுப்பறதும் அனுப்பாததும் நாட்டுக் கூட்டமைப்போட முடிவுதான், அது உண்மை. டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்ல கடைசிப் பக்கத்துல இருக்கற வரி மாதிரி. அதிகாரம் இருக்குங்கறது வேற, அதை ஒரு கூலிக்காரர் வீட்டுப் பொண்ணு மேல பயன்படுத்தற விதம் வேற.

செப்டம்பர்ல துர்க்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத்ல ஆசிய உள்ளரங்க, தற்காப்புக் கலை விளையாட்டுப் போட்டி. அன்னைக்கு இந்தியாவுல பயிற்சி எடுக்க 200 மீட்டர் இன்டோர் டிராக் கிடையாது. புவனேஸ்வர்ல ஒண்ணு கட்டினதெல்லாம் ரொம்பப் பின்னாடி. அப்படி இருந்தும் சித்ரா போய் 1500 மீட்டர்ல தங்கம் எடுத்தாங்க. டைம் 4:27.77. அதாவது புவனேஸ்வரை விடக் கிட்டத்தட்ட பத்து செகண்ட் மெதுவா ஓடி ஜெயிச்சிருக்காங்க. உலகத் தரத்தோட பார்த்தா அது பெரிய டைம் இல்ல, அதை மறைக்க வேண்டாம். 2021-ல பிரான்ஸ்ல லியேவின் இன்டோர் டிராக்ல எத்தியோப்பியாவோட குடாஃப் ட்சேகே இதே தூரத்தை 3:53.09-ல ஓடினாங்க. ஆனா பதக்கப் போட்டியில கடிகாரத்தோட யாரும் ஓடறதில்ல. பக்கத்துல இருக்கறவங்களோட ஓடறாங்க. ஸ்லோ ரேஸா, ஸ்லோ ரேஸை ஜெயிக்கணும். சித்ராவுக்கு அது வரும். அதைத்தான் கூட்டமைப்போட எக்ஸெல் ஷீட்ல ஒரு காலமா போட முடியாம போச்சு.

அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல 4:12.56, வெண்கலம். 2019 தோஹாவுல 4:14.56, திரும்பவும் ஆசிய சாம்பியன்.

அதே அஷ்காபாத்ல நம்ம புதுக்கோட்டை ஜி. லக்ஷ்மணன் 3000 மீட்டர்ல தங்கம் எடுத்தார். பதினஞ்சு ரவுண்டு, முப்பது வளைவு! அவரே ஜகார்த்தாவுல 10,000 மீட்டர்ல மூணாவதா வந்து, டிராக்குக்கு உள்பக்கம் கால் வச்சதுக்காகப் பதக்கத்தை இழந்தார். அது தனிக் கதை, அடுத்த வாரம் பேசறேன்.

மெசேஜ் போட்ட நண்பருக்கு: ட்ரெட்மில் இல்லங்க.