தந்தைக்கு ஒரு சுங்கான்

பெற்றோருக்கு ஏதேனும் ஒரு பொருளைத் தம் கையாலேயே செய்தளிக்க வேண்டும் என்னும் ஆசை இளமையில் பலருக்கும் எழுவதுண்டு. எனக்குப் பதினைந்தாம் வயதில் அவ்வாசை எழுந்தது. நான் செய்ய எண்ணிய பொருள் ஒரு மரச் சுங்கான். புகையிலையை இட்டுப் புகைக்கும் குழாயையே சுங்கான் என்கிறோம். மாணவர்களிடம் பேச ஓர் ஆசிரியனுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று நீங்கள் வியப்புறலாம். சற்றுப் பொறுமையுடன் கேட்டருளுங்கள்.

என் தந்தையார் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். வெள்ளைக்காரத் துரைமார்களின்கீழ்ப் பணியாற்றிய நாளில் சுங்கான் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. 1975-ஆம் ஆண்டில் அவருடைய பழைய சுங்கான் வெடித்துப் பயனற்றுப் போயிற்று. மறு ஆண்டு அவர் பணியிலிருந்து ஓய்வு பெறும் நாளன்று புதியதொன்றை என் கையாலேயே செய்து கொடுப்பதென்று உறுதி பூண்டேன்.

சுங்கானுக்கென உலகெங்கும் பெயர் பெற்ற மரம் பிரையர் என்பது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் மலைச்சரிவுகளில் வளரும் ஒருவகைப் புதர்மரம் அது. அதன் தண்டும் வேரும் கூடுமிடத்தில், மண்ணுக்குள், கழலை போன்ற முண்டு ஒன்று பருத்து வளர்கிறது. பல பத்தாண்டுகள் வளர்ந்த அம்முண்டை அகழ்ந்தெடுத்துக் கட்டைகளாக அறுப்பர். பல மணி நேரம் நீரில் கொதிக்க வைப்பர். பின்னர் மாதக்கணக்கில் உலர்த்துவர். கசப்புச் சாறு நீங்கவும், கட்டை வெடிக்காதிருக்கவுமே இத்தனை பாடும். பிரான்சு நாட்டில் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சான் குளோத் என்னும் ஊரார் மரக்கடைசலில் முன்பே தேர்ந்தவர்கள். 1850-களில் அவர்கள் பிரையரைக் கையாளத் தொடங்கி அதனாலேயே புகழ் பெற்றனர். அதற்குமுன் ஐரோப்பாவில் சுட்ட களிமண் சுங்கானே பெருவழக்காக இருந்தது.

நீலகிரியில் பிரையருக்கு எங்கே போவது? எங்கள் பள்ளி மரவேலை ஆசிரியரை அணுகினேன். “பேரிக்காய் மரம் இருக்கிறதே, தம்பி! நெருங்கிய இழை, உளிக்கும் அடங்கும். ஆனால் கண்ட கட்டையையும் எடுத்துவிடாதே. அரளிக் கட்டை நஞ்சு என்பதை மறவாதே” என்றார். பேரி மரத்தில் சுங்கான் செய்யும் வழக்கம் ஐரோப்பாவிலும் உண்டு என்பதைப் பின்னாளில் அறிந்தேன். நன்கு உலர்ந்த பேரிக் கட்டைகள் இரண்டை அவரே தேடித் தந்தார்.

ஒரு மாதம் உழைத்து, முதற் கட்டையின் வெளிவடிவத்தை அழகுறச் செதுக்கினேன். பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். பின்னர்த் துரப்பணத்தை எடுத்துத் துளையிட்டேன். அது பக்கவாட்டில் சறுக்கிச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. ஒரு மாத உழைப்பு ஒரு நொடியில் விறகாயிற்று. ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “வடிவம் கண்ணுக்கு, துளை பயனுக்கு. துளையை முதலில் இடு” என்று மட்டும் சொன்னார்.

அதன் உண்மையைச் செய்து பார்த்தே உணர்ந்தேன். சுங்கானில் துளைகள் இரண்டு. புகையிலை இடும் கிண்ணத் துளை ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம். புகை வரும் துளை 4 மில்லிமீட்டர். இச்சிறு துளை கிண்ணத்தின் அடியில் நட்டநடுவே சென்று சேர வேண்டும். சற்று மேலே சேர்ந்தால் அடியிலுள்ள புகையிலை ஈரமுற்று எரியாமல் தங்கும். கீழே இறங்கிவிட்டால் அடிமரம் மெலிந்து, நாளடைவில் கருகித் துளைபடும். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் அதை அசையாமல் இறுக்கிக் கோடு பார்த்துத் துளையிட இயலும். உருட்டி வழித்த பின்னர், நேர் எது, கோணல் எது என்று கண்டறிவது அரிது.

இரண்டாம் கட்டையில் கோடு கிழித்தேன், துளைகளை இட்டேன், ஈர்க்கை விட்டுப் பார்த்து, அவை கூடுமிடத்தைச் சோதித்தேன். அதன் பின்னரே வாளும் அரமும் உப்புத்தாளும் வேலைக்கு வந்தன. வாயில் வைக்கும் பகுதி, கந்தகம் மிகுதியாகச் சேர்த்துப் பதப்படுத்திய கெட்டி ரப்பர். அதைப் பழைய சுங்கானிலிருந்தே எடுத்துப் பொருத்தினேன். வெப்பம் படும் பொருளாதலால் உள்ளே எதுவும் பூசவில்லை. வெளியே தேன்மெழுகு மட்டும் தேய்த்தேன்.

தந்தையார் அதனை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகையிலை இடாமலே வாயில் வைத்து இழுத்தார். “காற்றுத் தங்குதடையின்றி வருகிறதப்பா” என்றார். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொற்களில் அடக்க இயலாது.

ஐந்தாண்டுகள் கழிந்தன. அவருடைய உதட்டின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று தோன்றியது. இனிப் புகைக்கக் கூடாது என்று மருத்துவர் ஆணையிட்டார். சுங்கான் புகைப்பதற்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்று அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை 1964-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. அதை நான் அறியேன். அறிய முயன்றதும் இல்லை. நல்லூழாக அப்புண் ஆறிற்று. தந்தையாரும் அப்பழக்கத்தை அன்றே கைவிட்டார். “தங்களுக்குத் தீங்கு செய்யும் பொருளையல்லவா அன்பளிப்பென்று தந்தேன்!” என்று நான் வருந்தினேன். அவர் மெல்ல நகைத்தார். “நீ இட்ட துளை நேராகத்தான் இருந்தது. நெருப்பு வைத்தவன் நானல்லவா?” என்றார். அப்பெருந்தன்மை என் மனச்சுமையை இறக்கவில்லை, இன்னும் கூட்டியது.

அடுத்த ஆண்டு, முற்றிய கொய்யாக் கிளையொன்றை வெட்டி உலர்த்தினேன். தந்தையார் நிமிர்ந்து நிற்கையில் தரையிலிருந்து அவருடைய மணிக்கட்டு வரை உயரம் அளந்து, அவ்வளவுக்கு ஒரு கைத்தடி செய்து, அடியில் பூணிட்டுக் கொடுத்தேன். இறுதி நாள்வரை அதனை ஊன்றியே அவர் மாலைதோறும் உலவி வந்தார். சுங்கானோ அவருடைய மேசைமீது, ஒருநாளும் நெருப்புக் காணாமல், துடைத்த மேனியுடன் இருந்தது.

மாணவர்களே, கைத்திறனை மதியுங்கள். உளியையும் அரத்தையும் பழகுங்கள். கண்ணுக்குத் தெரியாத துளையை முதலில் செம்மையாக இடுங்கள்; அழகு பின்னர் வரட்டும். இவ்வளவும் என் மரவேலை ஆசிரியர் கற்பித்த பாடம். ஆனால் கட்டையைக் கையில் எடுக்குமுன், இது பெறுபவருக்கு நலம் தருமா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது தந்தையாரின் மேசைமீது கிடந்த அந்தச் சுங்கான்.