நீதிமன்றத்தில் வரலாறும் சாட்சி சொல்லும்

(பண்டமாரானில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



நான் வழக்கறிஞர் அல்லன். பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியை நம்பிப் பிழைப்பவன். ஆனாலும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். காரணம் என் அம்மா. 2021 டிசம்பரில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, தமிழ்ப்பள்ளிய மூடச் சொல்லி கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காங்களாமே, மெய்யா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

அரசியலமைப்பின் 152ஆவது விதி, மலாய்மொழியே தேசிய மொழி என்கிறது. அதே விதி, அதிகாரப்பூர்வக் காரியம் தவிர மற்றபடி வேறு மொழியைப் பயன்படுத்தவோ, கற்கவோ, கற்பிக்கவோ யாரையும் தடுக்கக் கூடாது என்றும் கூறுகிறது. தமிழைக் கற்பிக்கலாம், சரி. தமிழிலேயே கணக்கையும் கற்பிக்கலாமா? வழக்கின் முடிச்சு இதுதான். 1982இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், சீனமொழியைப் போதனா மொழியாகக் கொண்ட பல்கலைக்கழகத்திற்குக் கூட்டரசு நீதிமன்றம் வழிவிடவில்லை. அதனால்தான் அச்சம்.

எழுத்து இரண்டு பொருள் தந்தால் நீதிபதி என்ன செய்வார்? எழுதப்பட்ட காலத்தைத் திரும்பிப் பார்ப்பார். 1988இல் சே ஓமார் வழக்கில் துன் சாலே அபாஸ் அதைத்தான் செய்தார். 3ஆவது விதியிலுள்ள 'இஸ்லாம்' என்ற சொல்லின் வீச்சை அறிய, பிரிட்டிஷார் கால வரலாற்றைப் புரட்டினார். அங்கு அது சடங்கு, சம்பிரதாயங்களையே குறிக்கிறது என்று முடிவு கண்டார்.

நம் பள்ளிகளுக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. பினாங்கில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாகத் தேசியப் பள்ளிகளை முன்வைத்தது. 1956இல் ரசாக் அறிக்கை அவற்றுக்கு இடமளித்தது. 1957இல் கல்விச் சட்டமும் வந்தது, அரசியலமைப்பும் வந்தது. அதை எழுதியவர்களின் கண்முன்னே தமிழ்ப்பள்ளி இயங்கிக் கொண்டிருந்தது! அதை ஒழிப்பதுதான் நோக்கமென்றால் வெளிப்படையாகவே எழுதியிருப்பார்களே என்பது என் எளிய வாதம்.

2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2025இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அம்மாவுக்கு நிம்மதி.

ஆனால், வரலாறு எப்போதும் நம் பக்கமே பேசும் என்று நினைத்துவிடாதீர்கள். அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் ஐவர் இருந்தனர். அரசு சமயம் பற்றிய விதி வேண்டாமென்று நால்வர் நினைக்க, பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீட் மட்டும் மாறுபட்டார். கடைசியில் அவர் கேட்டதே 3ஆவது விதியாக வந்தது. ஒரே ஆணையத்தில் இரண்டு மனம்! யார் மனத்தை 'முன்னோர் நோக்கம்' என்பது? வரலாறு இருபுறமும் வெட்டும் கத்தி. அதனால் அது சாட்சியாக இருக்கலாம். அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது.

சாட்சிக்கும் ஆதாரம் வேண்டும், அன்பர்களே. என் பாட்டி படித்த தோட்டப்பள்ளி இன்று இல்லை. ஒரு புகைப்படம்கூட எங்கள் வீட்டில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது பதிவேடுகள் பழைய பேப்பரோடு போயின. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பள்ளிச் சான்றிதழ், வாரியக் கூட்டக் குறிப்பு, மங்கிய குழுப்படம் ஏதேனும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பிரதி எடுத்துப் பள்ளியிடமும் நூலகத்திடமும் கொடுங்கள்.

நாளை இன்னொரு வழக்கு வந்தால், நமக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.