ஏடுகளைக் கட்டுதலும் விரித்தலும்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலை முறைக்காக உலகம் போற்றுகின்றது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற அது, நிலமும் வேதக் கல்வியும் உடையாரையே வாரியத்திற்கு உரியவர் என்றது. நம் முன்னோர்க்கு அதில் இடமில்லை. நம் வரலாற்றைப் பிறர் எழுதிக் காப்பார் என்று இருத்தல் கூடாது. ஆதலின் இச்சங்கத்தின் 25 ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் மாணவர் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றியுள்ளோம். அவற்றை ஒரே கட்டாக்கிப் பலவிடத்தும் வைக்கும் வழியை இன்று கூறுகின்றோம்.

லினக்ஸ் கணினியின் கட்டளைத் திரையில் 'டார்' என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும்; 'ஜிஜிப்' அக்கட்டினைச் சுருக்கும். முன்னது 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. பின்னது 1992இல் வெளிவந்தது.

தமிழுக்கு இச்சுருக்கம் பெரிதும் பயன்படும். யூனிக்கோடின் யுடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்பது அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என 5 குறிகளாகி, குறிக்கு 3 பைட்டாக 15 பைட்டு கொள்ளும். அம்மூன்றில் முதற்பைட்டு தமிழ்க் குறி அனைத்திற்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்றே. மீண்டும் மீண்டும் வருவதைக் குறுக்கி எழுதுவதே ஜிஜிப்பின் தொழில். ஜேபெக் நிழற்படங்களோ முன்னரே சுருங்கியவை; மேலும் அதிகம் குறையா.

கட்டுவதற்கு டார் என்பதன்பின் 'சி, இசட், எஃப்' எழுத்துகளையும், அடுத்துக் கட்டின் பெயரையும், இறுதியில் கோப்புகளின் பெயரையும் எழுதுக. ஒருமுறை கட்டின் பெயரை மறந்து, இரு பதிவேடுகளின் பெயரை மட்டும் எழுதினோம். கணினி ஒன்றும் வினவவில்லை. முதற்பதிவேட்டின் மேலேயே கட்டினை எழுதிவிட்டது. ஓராண்டுச் சேர்க்கை விவரம் அழிந்தது. காகிதப் பிரதி இருந்தமையால் மீண்டோம்.

விரிக்குமுன் 'டி, இசட், எஃப்' கொண்டு உள்ளிருப்பவற்றின் பட்டியலைக் காண்க. பின்னர் வெறுமையான கோப்புறை ஒன்றில் 'எக்ஸ், இசட், எஃப்' கொண்டு விரிக்க. பழைய கோப்புறையில் விரித்தால், அதே பெயருள்ள புதிய திருத்தங்கள் அழியும்.

விரித்துப் படித்துப் பாராத கட்டினை நம்பி மூலத்தை நீக்கற்க. ஒரு படி சங்கத்திலும், மற்றொரு படி வேற்றூரிலும் இருத்தல் வேண்டும். மாணவர்களே, இப்பொறுப்பை உங்கள் கையில் ஒப்படைக்கின்றோம்.