உதட்டுக் கொப்புளமும் தெய்வக் குற்றமும்

(கொல்லிமலை செம்மேட்டில் பேசியதன் சுருக்கம்)



நாம் இன்று பேச வந்தது மோட்சத்தைப் பற்றியல்ல. உதட்டோரத்தில் கிளம்பும் கொப்புளத்தைப் பற்றியேயாகும். இதுவும் ஒரு சங்கதியா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இச்சிறு கொப்புளத்துக்கு நம்மவர் கற்பிக்கும் காரணங்களோ கொஞ்சமல்ல. பல்லி எச்சம் பட்டதென்பார் ஒருவர். அக்கியென்று சொல்லிக் காவி மண்ணால் சிங்கம் எழுதிக்கொள்ளக் குயவர் வீட்டுக்கு ஓடுவார் மற்றொருவர். ஆடியில் மலையேறி, அருவியில் முழுகி, அறப்பளீசுவரரைக் கும்பிட்டுத் திரும்பியவனுக்கு வந்துவிட்டாலோ, சந்தேகமேயில்லை, தெய்வக் குற்றம்!

அப்படியே வைத்துக்கொள்ளுவோம். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 100க்கு 60 பேருக்கு மேல் இதற்குக் காரணமான கிருமி உண்டென்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சீமைக்காரனும் ஜப்பான்காரனும் எந்த எட்டுக்கை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மறந்தார்கள்?

இக்கிருமிக்கு ஹெர்ப்பீஸ் என்று பெயர். பெரும்பாலும் சிறு வயதில் எச்சில் வழியாகவும் முத்தத்தாலும் வந்து, முகத்து நரம்பின் முடிச்சில் ஒளிந்துகொள்ளும். ஆயுள் முழுதும் போகாது. காய்ச்சல், களைப்பு, கடும் வெயில் கண்டால் மறுபடி உதட்டுக்கு வரும். 3000 அடிக்கு மேற்பட்ட இம்மலையில் காற்று குளிர்ந்திருந்தாலும், வெயிலின் புற ஊதாக் கதிர் கீழ்நாட்டைவிட அதிகம். யாத்திரைக்காரனைத் தண்டித்தது வெயிலும் களைப்புமேயொழிய வேறல்ல. முதலில் சுருசுருவென்று அரிக்கும். பிறகு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாய்க் கிளம்பி, உடைந்து, பொருக்குத் தட்டிப் பெரும்பாலும் 10 நாளில் தானே ஆறும். காவி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். பெயர் மட்டும் காவிக்கு!

செய்ய வேண்டியது சொற்பமே. கிள்ளாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அக்கையால் கண்ணைத் தொட்டால் பார்வைக்கே ஆபத்து. துண்டும் டம்ளரும் தனியாயிருக்கட்டும். அரிப்புக் கண்டவுடனே வைத்தியரைக் கேட்டு அசைக்ளோவிர் மருந்து எடுத்தால் சீக்கிரம் ஆறும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணை, முக்கியமாய் வெற்றிலை புகையிலை போடுகிறவர், ஆசுபத்திரியில் காட்டியே தீரவேண்டும். முகம் சிவக்குமென்று கடையில் விற்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவதோ, வாயைச் சுற்றிப் புதுப் பருக்களை விலைகொடுத்து வாங்குவதாகும். உதட்டில் வெகு நாளாய் வலியின்றி வெளிர் மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள், வியாதியே அல்ல.

தாய்மார்களே, ஒன்று கேளுங்கள். பிறந்து ஒரு மாதமாகாத குழந்தைக்கு இக்கிருமி தொற்றினால் மூளைவரை சென்று உயிரையே வாங்கிவிடலாம். முத்தமிட வருகிற பெரியவரைத் தடுக்கப் பெற்றவளுக்கு வாய் எழாது; மரியாதைக் குறைவென்று வீடே அவள்மேல் பாயும். ஆகையால் பாட்டிமாரிடமும் அத்தைமாரிடமும் நாமே நேரில் சொல்லுகிறோம்: உதட்டில் கொப்புளமிருந்தால் பலகாரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, பிள்ளையை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போங்கள். பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிய பிறகு வந்து தூக்கிக் கொஞ்சலாம்.