கழற்றிப் பார்த்துக் கற்றவர்



கோவைக்குப் பக்கத்தில், சூலூரை ஒட்டி, கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. சின்ன வகுப்பிலேயே நின்றுவிட்டான்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தான். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவனை விடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்தான். காசு சேர்த்து அப்படி ஒரு வண்டியை வாங்கினான். வாங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினான், திரும்பப் பூட்டினான். அதுதான் அவனுக்குப் பாடப்புத்தகம்.

அவர்தான் ஜி.டி. நாயுடு.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பெரிய பஸ் முதலாளி ஆன பிறகும் கற்பதை நிறுத்தவில்லை. ஜெர்மனிக்குப் போய்த் தொழில்நுட்பங்களைப் பார்த்தார். மின்சார ஷேவிங் ரேசர் செய்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர்தான், 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி உருவாகவும் முன்னின்றார்.

"இந்த வயசுக்கு மேல என்னத்தைக் கத்துக்கறதுங்க?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய. கற்பதற்கு வயதும் வேண்டாம், வகுப்பறையும் வேண்டாம். தெரியாததைத் தெரிந்துகொள்ளும் ஆசை போதும். இன்றைக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்தவரிடம் தயங்காமல் கேளுங்கள்.