கம்பெனிக் கடைக் கடன்



சோகப் பாட்டு மனத்தைத் தளரச் செய்யும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தன் துயரத்தைக் கதையாக்கிப் பாடுகிறவன் அழுவதோடு நிற்பதில்லை, கணக்கும் கேட்கிறான். அப்படிக் கணக்குக் கேட்ட ஓர் இசைத்தட்டுத் தொகுப்பைப் பற்றி இன்று பார்ப்போம்.

அமெரிக்காவிலே, கென்டக்கி மாநிலத்திலே, மியூலன்பர்க் என்ற வட்டாரம் நிலக்கரிக்குப் பேர்போனது. அங்கே 1917-ஆம் ஆண்டில் பிறந்தவர் மெர்ல் டிராவிஸ். அவருடைய தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மெர்ல் கிட்டார் பழகியதும் பள்ளிக்கூடத்தில் அல்ல. மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்ற சுரங்கத் தொழிலாளர்களின் வாசிப்பைப் பார்த்துத்தான். கட்டைவிரல் தாளம் தவறாமல் கீழ்ச்சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மெட்டை மீட்டும். அந்த முறைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

1946-இல் கலிபோர்னியாவில் இருந்த அவரிடம், கேப்பிட்டல் என்ற இசைத்தட்டு நிறுவனம் பழைய நாட்டுப்பாடல்களைப் பாடித் தரும்படி கேட்டது. ‘அவற்றையெல்லாம் மற்றவர்கள் பாடிவிட்டார்களே’ என்று தயங்கினார். ‘அப்படியானால் நீரே எழுதும்’ என்றார்கள். எதை எழுதுவது? தம் வீட்டாரின் பாட்டையே எழுதினார். எட்டுப் பாடல்கள், நான்கு இசைத்தட்டுகள். 1947-இல் ‘மலைநாட்டு நாட்டுப்பாடல்கள்’ என்னும் பொருள்படும் பெயரோடு வெளிவந்தன. சில பழைய பாடல்கள். சில அவரே இயற்றியவை. துணைக்கு ஒரே ஒரு கிட்டார். பாட்டுக்கு முன்னால் அதன் கதையை அவரே பேசிச் சொல்வார்.

அவற்றில் ஒன்று ‘பதினாறு டன்’. அதைப் புரிந்துகொள்ளச் சுரங்கத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டி அள்ளிய நிலக்கரியின் எடைக்குத்தான் அன்று கூலி. எடைக்குக் கூலி என்றால் என்னவென்று பால் மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல சுரங்கங்களில் அந்தக் கூலியும் அரசாங்கப் பணமாக வந்ததில்லை. கம்பெனியே அடித்த தகடுகளையும் சீட்டுகளையும் கொடுப்பார்கள். அவை கம்பெனிக் கடையில்தான் செல்லும். விலையும் கம்பெனி வைத்ததே. குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது. சம்பள நாளுக்கு முன்பே பற்று ஏறிவிடும். அதைக் கழித்த பிறகு கையில் மிஞ்சுவது சொற்பம். கடன் தீராதவன் வேறு வேலை தேடிப் போவது எப்படி?

இந்தக் கடனைப் பற்றித் தகப்பனார் வீட்டில் அலுத்துக்கொண்டு சொல்லும் ஒரு பேச்சும், அண்ணன் கடிதத்தில் எழுதிய ஒரு வாக்கியமும் மெர்லின் நினைவில் இருந்தன. அவ்விரண்டையும் வைத்தே அந்தப் பாட்டைக் கட்டினார்.

இன்னொரு பாட்டு, சுரங்கத்தின் இருட்டைப் பற்றியது. கரியைத் தோண்டும் ஆசை ஒருவனைக் கள்ளைப் போலப் பற்றிக்கொள்ளும் என்றும், அங்கே வரவேண்டாம் என்றும் இளைஞர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. 1968-இல் ஜானி கேஷ் என்ற புகழ்பெற்ற பாடகர் அதை ஃபோல்சம் சிறைச்சாலையில் கைதிகளுக்கு முன் பாடினார்.

தொகுப்பு வெளிவந்தபோது அதிகம் விற்கவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 1955-இல், டென்னசி எர்னி ஃபோர்டு ‘பதினாறு டன்’னை விரல் சொடுக்கிப் பாடினார். சில வாரங்களிலேயே பத்து லட்சம் தட்டுகள் விற்றன. சுரங்கத்தையே பார்த்திராத அலுவலகக்காரர்களும் கடை ஊழியர்களும் அதைப் பாடினார்கள். காரணம், கரி இல்லாத வீடு உண்டு. கடன் இல்லாத வீடு எத்தனை?

மெர்ல் டிராவிஸ் 1983-இல் காலமானார். சுரங்க நிர்வாகங்கள் எழுதி வைத்த பேரேடுகளை இன்று யாரும் புரட்டுவதில்லை. தொழிலாளி வீட்டில் அலுத்துப்போய்ச் சொன்ன ஒரு பேச்சோ உலகமெல்லாம் ஒலிக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பாட்டிகளும் தாத்தாக்களும் வேலைக்காட்டைப் பற்றிச் சொல்லும் பேச்சுகளை, பாடும் பாட்டுகளைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும். சொன்னவரின் பெயரையும், ஊரையும், ஆண்டையும் பக்கத்தில் குறிக்க மறக்க வேண்டாம். மெர்லின் அண்ணன் எழுதிய கடிதம் பாட்டாகும் என்று அவரே எண்ணியிருக்க மாட்டார்.