கப்டன் லக்ஷ்மியும் அவர்தம் தோழியரும்

(ஞாபகார்த்தக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கப்டன் லக்ஷ்மி 2012ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள் கான்பூரிற் காலமானார். வயது 97. உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக அளித்தவருக்குச் சமாதி ஏது? ஆகவே அவரோடு நின்ற படையைப் பற்றியே பேச எண்ணுகின்றோம்.

சென்னையிற் பெயர்பெற்ற வழக்கறிஞரின் மகள் அவர். வைத்தியப் பட்டம் பெற்று, 1940இற் சிங்கப்பூர் சென்று, ஏழைத் தொழிலாளருக்கு மருந்து கொடுத்து வந்தார். 1943இல் நேதாஜி அங்கு வந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜான்சிராணிப் படை எழுந்தது. அதிற் சேர்ந்தோர் யாவர்? மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிற் பால் எடுத்த தமிழ்க் கூலிகளின் பெண்மக்கள் பலர். எந்த நாட்டின் விடுதலைக்காகத் துவக்குத் தூக்கினரோ அந்த நாட்டைக் கண்ணாலும் காணாதவர்கள்! இம்பால் போர் தோற்றமையால் அவர்கள் முன்னணிக்குச் செல்லவில்லை. பர்மாவிலே காயப்பட்டோரைப் பராமரித்தனர்.

1945 ஏப்ரிலில் இரங்கூனைக் கைவிட நேர்ந்தது. ஒரு பகுதியினர் நேதாஜியோடு கால்நடையாகவே பல நாள் நடந்தனர். புகையிரதத்திற் சென்ற பிறிதொரு பகுதியினர் தாக்கப்பட்டனர். ஸ்டெல்லா, ஜோசபீன் என்னும் இருவர் மாண்டனர். அவர்தம் தோழியர் நினைவில் வைத்துச் சொன்னமையால் அவ்விரு பெயர்களேனும் நமக்கு எஞ்சின.

சட்டம் பயின்றோர் செங்கோட்டை வழக்கை அறிவர். 1945 நவம்பரில் ஷா நவாஸ், சேகல், தில்லோன் ஆகிய மூவர்க்காகப் புலாபாய் தேசாய் வாதாடினார். விடுதலைக்குப் போரிடும் மக்களுக்குச் சர்வதேசச் சட்டத்தில் போர் உரிமை உண்டு என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதை ஏற்காது ஆயுட்கால நாடுகடத்தல் விதித்தது. ஆயினும் நாடே கொதித்தெழுந்தமையால், 1946 சனவரியில் சேனாதிபதி ஒக்கின்லெக் அத்தண்டனையை நீக்கினார். பதவி நீக்கம் நின்றது. அம்மூவருக்கு வழக்குரை உண்டு, அச்சேறிய பதிவு உண்டு. தோட்டத்துப் பெண்ணுக்கு என்ன உண்டு?

மனம் விட்டுச் சொல்கின்றோம். யாழ்ப்பாணத்தார் நாம் மலாயாவை நன்கறிவோம். புகையிரதப் பகுதி லிகிதராகவும் கணக்கராகவும் சென்று, பென்சனோடு மீண்டு, கல்வீடு கட்டினோம். அதே மலாயாவின் லயத்து மக்களை நாம் அறிந்துகொள்ள முயன்றதில்லை. மலையகத்து லயத்தாரிடமும் அவ்வாறே இருந்தோம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்தம் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபோது, நம் பிரதிநிதிகளிற் சிலரே கை உயர்த்தினர். இது கசப்பான பேச்சுத்தான். ஆயினும் இச்சபையிற் பேசாது வேறெங்கே பேசுவது?

லக்ஷ்மி அம்மையார் 1947இற் சேகலை மணந்து கான்பூரிற் குடியேறினார். பிரிவினையால் வந்த அகதிகளுக்கு வைத்தியம் செய்தார். 2002இற் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோற்றார். தொண்ணூறு கடந்தும் தம் வைத்தியசாலைக்குப் போய் ஏழை நோயாளரைப் பார்த்தார்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெரியோர் மலாயாவிலிருந்து எழுதிய கடிதமோ, எடுத்த படமோ பெட்டகத்தின் அடியிற் கிடக்கக்கூடும். 1943 முதல் 1945 வரையுள்ளவற்றைக் கறையான் அரிக்கு முன் எம்மிடம் காட்டுங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். படத்தின் பின்புறத்தில் ஏதும் பெயர் எழுதப்பட்டிருந்தால் அதையும் கவனித்துப் பாருங்கள்.